ஒரு நரம்பில் மூன்று முள்

மூன்று புத்தகங்கள், ஏழெட்டு வீடியோக்கள், ஒரு சங்கப் பாட்டு, பரங்கிப்பேட்டையில் ஒரு பெரியவர். இத்தனை இடத்திலும் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ஒரே தூண்டில் நரம்பில் இரண்டாவது, மூன்றாவது முள்ளை எப்படிக் கட்டுவது?

கேட்பதற்கு அற்பமான கேள்வி. தூண்டில் போடுகிறவர்கள் சிரிப்பார்கள். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நரம்பின் நுனியில் ஒரு முள்ளைக் கட்டுவது எளிது. முள்ளின் காதில் நுழை, நாலைந்து சுற்று சுற்று, திரும்ப நுழைத்து இழு. பத்து நிமிஷத்தில் பழகிவிடும். நுனிக்கு ஒன்றரை அடி தள்ளி, நடு நரம்பில் இன்னொரு முள் வேண்டும் என்றால்தான் சிக்கல். நரம்பை அறுத்து ஒட்டுப் போடுவதா, அறுக்காமலே வளையம் எடுப்பதா? முள் தொங்கும் அந்தச் சின்னக் கிளை, தாய் நரம்போடு ஒட்டிச் சுற்றிக்கொள்ளுமா, விலகி நிற்குமா? கிளையில் மீன் மாட்டி இழுத்தால் பாரம் எந்தப் பக்கம் விழும்? மூன்று முள் எதற்கு என்று கேட்டால், மீன் எந்த ஆழத்தில் மேய்கிறது என்று தெரியாத நாளில் மூன்று ஆழத்தில் விசாரித்துப் பார்ப்பதற்கு. அடியில் கிழங்கானுக்கு ஒன்று, மேலே வருவதற்கு வேறொன்று.

இந்தக் குறிப்பு முடிச்சைப் பற்றியது என்பதைவிட, முடிச்சைப் பற்றி எழுதியவர்களையும் எழுதாமல் விட்டவர்களையும் பற்றியது. எனக்கு ஒரு மீன் தொலைந்த வயிற்றெரிச்சலும் இதில் கலந்திருக்கிறது, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெளிநாட்டிலிருந்து ஆரம்பிக்கலாம், அங்கேதான் எழுத்து அதிகம். ஆங்கிலேயர்களின் ஓடைத் தூண்டில் மரபில் இரை உயிருள்ளதல்ல. இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய் ஈ. அதை வீசுவதற்கு ஈயம் கிடையாது, கயிற்றின் கனமே வீச உதவுகிறது. அந்தக் கனத்த கயிற்றுக்கும் ஈக்கும் நடுவே, மீன் கண்ணில் படாத மெல்லிய நரம்பு ஒன்று. அதை லீடர் என்கிறார்கள். அதில் ஒரு ஈ போதாமல் இரண்டு, மூன்று என்று கட்டுவது பழைய வழக்கம். 1857ல் ஸ்காட்லாந்துக்காரர் டபிள்யூ. சி. ஸ்டூவர்ட் எழுதிய ‘த பிராக்டிகல் ஆங்லர்’ அந்த வழக்கத்தில் எழுந்த புத்தகம். ஏரியில் படகிலிருந்து வீசுகிறவர்கள் இன்றைக்கும் மூன்று ஈக்களை ஒரு குழுவாகப் பார்க்கிறார்கள். நுனியில் இருப்பதற்கு ஒரு பெயர், நடுவில் இருப்பதற்கு ஒரு பெயர், கைக்குக் கிட்டத்தில் தண்ணீர்மேல் துள்ளிக்கொண்டு வருவதற்கு ஒரு பெயர். கிளை நரம்புக்கு டிராப்பர் என்று பெயர். முடிச்சு போட்டபின் மிஞ்சுகிற வாலுக்குக்கூடப் பெயர் இருக்கிறது.

எனக்குப் பொறாமையே அங்கேதான். முடிச்சில் ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் வைத்தபிறகுதான் அதைப் பற்றிச் சண்டை போட முடியும், அவர்கள் போடுகிறார்கள். இரண்டு நரம்புகளை ஒட்டினால் இரண்டு வால் மிஞ்சும் இல்லையா. அதில் எந்த வாலில் ஈயைக் கட்டுவது என்று பெரிய வழக்கு. கையிலிருந்து வரும் நரம்பின் வாலில் கட்டு, மீன் இழுத்தால் பாரம் நேராகக் கைக்கு வரும் என்று ஒரு கட்சி. கூடாது, அந்த வால் தாய் நரம்போடு படிந்து சிக்கிக்கொள்ளும், மற்ற வால்தான் விலகி நிற்கும் என்று மறு கட்சி. அப்படிக் கட்டினால் மீன் இழுக்கும்போது முடிச்சையே பின்பக்கமாகத் திருப்பிவிடும் என்று முதல் கட்சியின் பதில். இரண்டு பேரும் சொல்வது நிஜம்தான்.

முடிச்சுப் புத்தகங்களில் பெரிய புத்தகம் கிளிஃபோர்ட் ஆஷ்லியுடையது. 1944ல் வந்தது. சுமார் 3,900 முடிச்சுகள், எல்லாப் படமும் அவர் வரைந்தது. அதைப் புரட்டும்போது வரும் மயக்கத்தில் ஒரு விஷயம் கண்ணில் படுவதில்லை. முடிச்சுப் படம் என்பது இறுகாத முடிச்சின் படம். பார்வைக்குப் புரிய வேண்டும் என்று தளர்வாக, பெரிதாக, ஒவ்வொரு சுற்றும் தனியாகத் தெரியும்படி வரைகிறார்கள். கடைசிக் கட்டம் மட்டும் இறுகிய படம். தளர்ந்த படத்துக்கும் இறுகிய படத்துக்கும் நடுவே நடப்பதற்குப் படமே கிடையாது. நைலான் நரம்பில் முடிச்சு ஜெயிப்பதும் தோற்பதும் அந்த நடுவில்தான். எச்சில் தொட்டு நனைக்காமல் இழுத்தால் உராய்ந்து சூடாகி நரம்பு பலம் இழக்கும். வெடுக்கென்று இழுத்தால் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். நாலு முனையையும் சமமாக இழுக்கணும். ஆஷ்லியைக் குறை சொல்ல மனசு வரவில்லை, அவர் எழுதியது பெரும்பாலும் கயிற்று உலகம். ஸ்டான்லி பார்ன்ஸ் என்பவர் 1940களின் கடைசியில் தூண்டில் முடிச்சுகளுக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். அதன் தலைப்பிலேயே ‘கட்டிலும் நைலானிலும்’ என்று வருகிறது. கட் என்றால் பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியை இழுத்துச் செய்த நரம்பு. அதை ஊற வைத்துத்தான் முடிச்சு போட வேண்டும், காய்ந்தால் முறியும். நைலான் வந்ததும் கட்டில் நின்ற முடிச்சுகள் பல இதில் வழுக்கிவிட்டன. பொருள் மாறினால் முடிச்சு மாறும் என்ற அந்த ஒரு விஷயத்தைத் தலைப்பிலேயே வைத்ததற்காக எனக்கு அந்தப் புத்தகத்தின்மேல் மரியாதை.

இங்கே ஒரு கிளைக்கதை. நம் கடற்கரையில் நைலான் நரம்பைத் தங்கூஸ் என்கிறார்கள். தங்கூசி வலை என்பது இலங்கையிலும் பாக் நீரிணை ஓரத்திலும் எல்லோருக்கும் தெரிந்த சொல். ஜப்பானில் தூண்டில் நரம்புக்குத் தெகுஸு என்று பெயர், அது முதலில் குறித்தது இதே பட்டுப்புழு நரம்பை. மலாயில் நைலான் நரம்பை தாங்ஸி என்கிறார்கள். என் ஊகம், நம்முடைய தங்கூஸ் இந்த இரண்டில் ஒன்றின் வழியாகத்தான் வந்திருக்கணும். ஜப்பான் சொல்லுக்குத்தான் ஒலி நெருக்கம். ஆனால் பரங்கிப்பேட்டை மரைக்காயர்கள் மலாயாவோடு வைத்திருந்த போக்குவரத்தை நினைத்தால் மற்றதையும் ஒதுக்க முடியவில்லை. பட்டுப்புழுவின் பெயர் வெள்ளாற்று முகத்துவாரத்தில் கிடக்கிறது என்பது நினைக்க நன்றாகத்தான் இருக்கிறது.

பொய் ஈ தமிழ்நாட்டுக்கும் வந்தது. நீலகிரியில் 1863ல் பிரான்சிஸ் டே டிரவுட் மீனைக் கொண்டுவர முயன்று தோற்றார். பிறகு எச். சி. வில்சன் காலத்தில், 1907 வாக்கில் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்து மீன் நிலைத்தது. அதோடு ராடும் லீடரும் ஈயும் ஓடைக்கரைக்கு வந்தன. முடிச்சுகளும் வந்திருக்கும். தமிழ் எழுத்துக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

சரி, நம் பக்கம் என்ன இருக்கிறது?

கட்டுமரம் என்ற சொல்லை உலகம் 17ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் கரையிலிருந்து வாங்கிக்கொண்டது. ஆணி இல்லாமல் மரங்களைக் கயிற்றால் கட்டியது, அதனால் கட்டுமரம். சொல்லில் பாதி கட்டு. ஆனால் கட்டுமரத்தைப் பற்றிப் பேசும் எல்லோரும் மரத்தையே பேசுகிறோம். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், சோழமண்டலக் கரையின் மீன்பிடி முறைகளைப் பற்றி 1925ல் துறை புல்லட்டினில் எழுதினார். அதற்கு முன்பே இந்தியப் படகு வடிவங்களைப் பற்றித் தனியாக ஒரு நூல். அவரைப் படிக்காமல் இந்தக் கரையைப் பற்றி யாரும் எழுதக் கூடாது என்பது என் கட்சி. ஆனால் அவருடையது வகை பிரிக்கிற கண். படகு இத்தனை வகை, வலை இத்தனை வகை. வகை பிரிப்பவரின் கண்ணுக்கு முடிச்சு ரொம்பச் சின்னது. வேடிக்கை என்னவென்றால், இதே ஹார்னெல் பிறகு ஃபிஜித் தீவுகளில் பிள்ளைகள் விரலில் நூலை மாட்டி விளையாடும் உருவங்களைச் சேகரித்து 1927ல் ஒரு முழு நூலே போட்டார். எந்த விரல், எந்த நூல், எதற்கு அடியில் என்று கட்டம் கட்டமாகச் சொல்ல வேண்டிய எழுத்து அது. அந்தக் கண்ணோடு அவர் கடலூருக்குத் திரும்பி வந்து தூண்டில் கட்டுகிறவரின் விரலைப் பார்த்திருந்தால் என்று எனக்கு ஒரு பேராசை.

நெய்தல் நாவல்களுக்கு வருவோம். வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977, ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ 2004. முதலாவதில் கடல் மனிதர்களின் மனசுக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டாவதில் தொழிலே முன்னால் வருகிறது, கருவிகளின் பெயர்கள் கொட்டிக் கிடக்கின்றன. நாவல் கையேடு அல்ல, அதில் போய் முடிச்சு தேடுவது அசட்டுத்தனம் என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் தேடினேன். பொதுவாக நம் கடல் எழுத்தில் கருவிக்குப் பெயர் இருக்கிறது, கடலில் நடப்பதற்கு வேகம் இருக்கிறது. கரையில் உட்கார்ந்து மணிக்கணக்காகக் கை செய்யும் வேலை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறது.

ஆச்சரியம் கொடுத்தது பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது. அதில் ஒரு பாண்மகன் வருகிறான். கழுத்தில் பச்சை இறைச்சி போட்ட தோல்பை, கையில் நீண்ட மூங்கில் தூண்டில். வாளை மீன் ஒன்று இரையை மட்டும் கவ்விக்கொண்டு முள்ளிலிருந்து தப்பிவிடுகிறது. பிறகு கரையோரப் பிரம்பின் நிழல் தண்ணீரில் ஆடுவதைக் கண்டு, அதுவும் தூண்டிலோ என்று மிரள்கிறது. பள்ளியிலும் கல்லூரியிலும் இந்த இடத்தைச் சொன்னால் மிரண்ட மீனைத்தான் சொல்வார்கள். அழகுதான், மறுக்கவில்லை. நானும் அதைத் தாண்டி வேறெதையும் பார்த்ததில்லை.

இந்தத் தடவை முடிச்சு தேடிப் படித்ததால், தூண்டிலுக்குமுன் வரும் இரண்டு சொற்களில் நின்றுவிட்டேன். தலையில் இழுத்து இறுக்கிக் கட்டிய தூண்டில் என்று பொருள். கட்டுவது ஒரு வினை, இழுத்து இறுக்குவது இன்னொரு வினை, புலவர் இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறார். ஆஷ்லியின் படங்களில் நான் காணாத அந்த நடுக்கட்டம் இங்கே ஒரு சொல்லாக இருக்கிறது! இழுப்பதற்கு அவர் போட்ட வினை, வலித்தல். நம் கரையில் இன்றைக்கும் துடுப்பு வலிக்கிறார்கள், வலை வலிக்கிறார்கள். கட்டுவதற்குப் போட்ட வினையிலிருந்துதான் யாப்பு என்ற சொல்லே வந்தது. தளை, தொடை என்று நம் செய்யுள் இலக்கணமே கட்டுவதிலும் தொடுப்பதிலும் இருந்து பெயர் எடுத்துக்கொண்டது, அந்தப் பக்கம் போனால் திரும்பி வர முடியாது, விடுங்கள்.

நான் புரட்டிய உரைகள் இந்த இரண்டு சொல்லையும் பொருள் சொல்லிக் கடந்துவிடுகின்றன. நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டை உ.வே.சா. 1889ல் பதிப்பித்தார். அவரே 1924 முதல் சில ஆண்டுகள் சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அங்கிருந்து கிழக்கே வெள்ளாற்று முகத்துவாரம் எவ்வளவு தூரம்? உரைகாரர்களுக்கு இரும்பு முள் என்ன, பொதிந்த இரை என்ன என்று விளக்கத் தோன்றியிருக்கிறது. எதை எதோடு கட்டினான், ஏன் வலித்துக் கட்டினான் என்று கேட்கத் தோன்றவில்லை. பாட்டிலேயே பதில் பாதி இருக்கிறது: இரை போயிற்று, முள் கையோடு வந்தது. கட்டு நின்றது.

என் கட்டு நிற்கவில்லை. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றங்கரையில் ஒரு சாயங்காலம், வீடியோ பார்த்துக் கட்டிய இரண்டு கிளைகளோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு இழுப்பு வந்தது, நல்ல கனம். பத்து விநாடி இருக்கும். பிறகு ஒன்றுமில்லை. நரம்பைச் சுருட்டிப் பார்த்தால் ஈயம் இருக்கிறது, நுனி முள் இருக்கிறது, கிளை மட்டும் முடிச்சோடு உருவிக்கொண்டு போயிருக்கிறது. கொடுவா என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தொலைந்த மீன் எல்லாம் கொடுவாதான்.

வீடியோக்களைத் திட்டுவதற்கு முன் ஒன்று சொல்லணும். தமிழில் தூண்டில் பற்றி இன்றைக்கு இருக்கும் அறிவில் பெரும்பகுதி அவற்றில்தான் இருக்கிறது, புத்தகத்தில் அல்ல. நல்ல மனசோடு, காசு வாங்காமல் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் முடிச்சு என்று வரும்போது மூன்று தப்பு நடக்கிறது. ஒன்று, கேமரா எதிரே இருக்கிறது. அவருடைய வலது எனக்கு இடது, பார்க்கும் ஒவ்வொரு சுற்றையும் மண்டைக்குள் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்த ஒரே ஒரு வீடியோ பார்த்தேன், அதில் பாதிச் சிரமம் போய்விட்டது. அடுத்தது, பளிச்சென்று தெரியட்டும் என்று தடிமனான கயிற்றில் செய்து காட்டுகிறார்கள். கயிறு வளைந்த இடத்தில் நிற்கும். தங்கூஸ் நிற்காது, விட்டால் நிமிரும், இறுக்கினால் வழுக்கும். அது வேறு பிராணி. மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: பேச்சு. ‘இப்படி விட்டு, இப்படி எடுத்து, இதுக்குள்ள இப்படி.’ படத்தை மறைத்துவிட்டுக் கேட்டால் அந்தப் பேச்சில் ஒன்றுமே இல்லை. மொழி வேலை செய்யாமல் விரல் மட்டும் வேலை செய்கிறது.

மீன் போன மறுவாரம் முகத்துவாரத்தில் ஒரு பெரியவரிடம் போய் நின்றேன். ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான முள் வைத்த நீளக் கயிறு விட்டவர். நான் கட்டிய மிச்சக் கிளையைக் கையில் வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“தம்பி, இது முடிச்சு கெடையாது. சிக்கு.”

“பாத்துப் பாத்துதான் ஐயா போட்டேன்.”

“முடிச்சுன்னா அவுக்கணும்னா அவுரணும், நிக்கணும்னா நிக்கணும். இது அவுராது, ஆனா நழுவும். ரெண்டு கெட்டது.”

பிறகு அவர் கட்டிக் காட்டினார். அறுக்காத நரம்பிலேயே வளையம் எடுக்கும் வழி ஒன்று, இரண்டு நரம்பைச் சேர்த்துக் கட்டும் வழி ஒன்று. முதலாவது இங்கிலீஷில் டிராப்பர் லூப் என்று படித்தேனே, அதேதான். தாய் நரம்பை ஒரு வளையமாகப் பிடித்து, குறுக்கே வரும் இடத்தில் ஒரு தீக்குச்சியைச் செருகி அஞ்சாறு தடவை முறுக்கினார். குச்சியை உருவினால் முறுக்கின் நடுவில் ஒரு சந்து நிற்கிறது. வளையத்தின் அடியைப் பிடித்து அந்தச் சந்து வழியாக வெளியே இழுத்து, பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் இரண்டு பக்கமும் மெல்ல வலித்தார். தாய் நரம்புக்குச் செங்குத்தாக ஒரு காது விறைத்து நின்றது. இந்த முடிச்சு நேர் நரம்பைவிடப் பலம் குறைவு, சின்ன மீனுக்குப் போதும் என்றார். பெரிய மீனுக்கு மற்றது.

பழைய நூல் கயிற்றில் இந்தக் கஷ்டமே இல்லையாம். முறுக்கைப் பிரித்து, பிரிகளுக்கு நடுவே கிளையை நுழைத்து விட்டால் கயிறே கவ்விக்கொள்ளும். தங்கூஸுக்குப் பிரி இல்லை, அதனால் எல்லாம் முடிச்சின் தலையில். கிளைக்கும் கிளைக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். ஒரு கிளையின் முள்ளும் பக்கத்துக் கிளையின் முள்ளும் ஒன்றையொன்று தொட முடியாத தூரம் என்றார். அதாவது இரண்டு கிளை நீளத்தைவிடக் கூட. ஒரு சாண் கிளை என்றால் இரண்டு சாணுக்கு மேல் இடைவெளி. நான் புரட்டிய எந்தப் படத்திலும் இந்தக் கணக்கு இல்லை. படம் காகிதத்தில் அடங்க வேண்டுமே என்று கிளைகளை நெருக்கி வரைந்திருக்கிறார்கள்.

எல்லாம் பழசு போச்சே என்று அவர் புலம்புவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தால் ஏமாந்திருப்பீர்கள். அவருடைய பெட்டியில் கடலூர் ஓ.டி.யில் வாங்கிய சபிகி பாக்கெட் இருந்தது. ஜப்பான் ஏற்பாடு, அட்டையில் சுற்றி வரும், மின்னும் தோலும் இழையும் வைத்த ஆறு முள், ஆறும் கிளைகளில் தயாராகத் தொங்கும். நீலகிரி துரைகளின் பொய் ஈ கடலுக்கு இறங்கியது மாதிரி. “கண்ணு தெரியலப்பா. இது கட்டியே வருது,” என்றார். கிளை அறுந்தால்? “தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குறதுதான். எம் பேரனுக்கு இதத்தான் தெரியும்.” வருத்தமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அதற்கப்புறம் அவர் கையைப் பார்ப்பதில் ஒரு அவசரம் வந்துவிட்டது.

ஊருக்குள்ளேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது, 1960களிலிருந்து. மீனின் குடல் வரைக்கும் அங்கே ஆராய்ச்சி நடந்திருக்கிறது. தூண்டில் முடிச்சு உயிரியலின் வேலை இல்லை, அது சரிதான். தமிழ்த் துறையின் வேலை என்றும் யாரும் நினைக்கவில்லை. அப்படியானால் யாருடைய வேலை என்று பஸ்ஸில் சிதம்பரம் திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன்.

அன்று ராத்திரியே எழுதிப் பார்த்தேன். படம் இல்லாமல், தமிழில், ஒரே பத்தியில், இரண்டு நரம்பைச் சேர்த்துக் கட்டும் முடிச்சு. எழுதியதை மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அக்கா மகளுக்கு அனுப்பினேன். எட்டாவது படிக்கிறாள், தூண்டிலைத் தொட்டதில்லை. படித்துவிட்டு அரை மணி கழித்துக் கூப்பிட்டாள்.

“மாமா, மேல இருக்குற நரம்புன்னு எழுதியிருக்க. எது மேல? மேசைமேல ரெண்டும் படுத்திருக்கு.”

அடி வயிற்றில் ஒரு அடி. நான் தண்ணீரில் தொங்கும் நரம்பை மனசில் வைத்து எழுதியிருக்கிறேன், அவள் மேசைமேல் வைத்துப் படிக்கிறாள். பெரியவர் பேசியதைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். அவர் ஒரு தடவைகூட மேல், கீழ் என்று சொல்லவில்லை. கைப்பக்கம், ஈயப்பக்கம் என்றே சொன்னார். தண்ணீருக்குள் நரம்பு நீரோட்டத்தில் படுத்துக்கொள்ளும், மேல் கீழ் என்று ஒன்று அங்கே இல்லை. கையும் ஈயமும் எப்போதும் இருக்கும். நான் அவருடைய விரலைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அவருடைய சொல்லைக் கேட்கவில்லை. வீடியோக்காரர்களை அவ்வளவு திட்டியவன் நான்.

திருத்தி எழுதினேன். மறுபடி கூப்பிட்டாள், முடிச்சு போட முடியவில்லை, முள்ளும் ஈயமும் வளையத்துக்குள் நுழைய மாட்டேன் என்கிறது என்று. முள்ளை முதலிலேயே கட்டிவிட்டாள். ஈயப்பக்க நரம்பு முழுவதும் வளையத்துக்குள் போய் வர வேண்டும், அதனால் முள்ளும் ஈயமும் கடைசியில்தான் கட்ட வேண்டும் என்று நான் எழுதவில்லை. தெரிந்தவனுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றாது. புத்தகங்களிலும் பெரும்பாலும் இந்த வாக்கியம் இல்லாததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். இப்போது இருக்கும் வடிவம் இது:

முள், ஈயம் எதுவும் இன்னும் கட்டாதே. கையிலிருந்து வரும் நரம்பின் நுனியையும், ஈயத்துக்குப் போகப்போகும் நரம்பின் நுனியையும் எதிரெதிராக நீட்டி, இரண்டு சாண் நீளத்துக்குப் பக்கம் பக்கமாகச் சேர்த்துப் பிடி. சேர்ந்த இரண்டையும் ஒரே நரம்பு மாதிரி நினைத்து, நடுவில் ஒரு வளையம் போடு. ஈயப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டையும், அதாவது ஈயப்பக்க நரம்பு முழுவதையும் அதன் கூடக் கிடக்கும் நுனியையும், வளையத்துக்குள் விட்டு எடு. அதே வளையத்துக்குள் இன்னும் இரண்டு தடவை விட்டு எடு. எச்சில் தொட்டு நனை. நாலு முனையையும் சேர்த்து மெல்ல வலி, பாதி இறுகியதும் நிறுத்திப் பார், சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருந்தால் முழுக்க வலி. இரண்டு வால் மிஞ்சும். ஈயப்பக்கம் நீட்டும் வால் உன் கிளை. கைப்பக்கம் நீட்டும் வாலை ஒட்ட வெட்டு. கிளையின் நீளம் ஒரு சாணுக்கு மேல் வேண்டாம். அடுத்த கிளை இதிலிருந்து இரண்டு சாணுக்கு மேல் தள்ளி. எல்லாக் கிளையும் ஆனபிறகு முள், கடைசியில் ஈயம்.

படிக்க அழகாக இல்லை, தெரியும். நேற்று இதையும் அவளுக்கு அனுப்பினேன். இரண்டு கிளை கட்டி போட்டோ அனுப்பியிருக்கிறாள். முதல் கிளை சரியாக ஈயப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது கைப்பக்கம். தப்பான வாலை வெட்டியிருக்கிறாள். இரண்டாவது கிளைக்கு வரும்போது, முதல் முடிச்சைத் தாண்டி வந்த நரம்புதான் இப்போது கைப்பக்க நரம்பு ஆகிவிடுகிறது, அங்கேதான் குழம்பியிருக்கணும். எந்த வாக்கியத்தில் அதைச் சொல்வது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பரங்கிப்பேட்டை போகிறேன், அதற்குள் பத்தியைத் திருத்தி முடித்தால் பெரியவரிடம் வாசித்துக் காட்டலாம்.